நெற்பழமும் லக்ஷ்மி கடாக்ஷமும்

சென்ற மார்கழியில் ஒரு நாள், நமது வகுப்பு மாணாக்கன் ஒருவன் சம்பாக் கதிர் ஒன்றைக் கையில் ஏந்தி வந்தான். மணிகள் நன்றாகவே பால் பிடித்திருந்தன. ஆனால் அவற்றினிடையே மூன்று நான்கு மட்டும் இலந்தைக் கொட்டை போலப் பருத்து, மஞ்சள் பட்டினால் உறை போட்டாற்போல் உருண்டு நின்றன.

"ஸார், எங்கள் வயலில் நெற்பழம் கண்டிருக்கிறது. லக்ஷ்மியே வந்துவிட்டாள் என்கிறாள் பாட்டி. விதைநெல்லையும் அந்த வயலிலிருந்தே எடுக்க வேண்டுமாம். வாஸ்தவந்தானா?" என்று கேட்டான்.

உருண்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். விரல் நுனியில் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டது. அந்தப் பொடியின் கதையையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நெற்பழம் பழமும் அன்று, நெல்லும் அன்று. அது ஒருவகைப் பூஞ்சணம். அடைமழையில் தோல் செருப்பின்மீது பூக்கும் பூஞ்சணமும், இடி முழங்கிய மறுநாள் புற்றோரத்தில் குடை விரிக்கும் காளானும் இதன் உறவினரே. 1878-ஆம் ஆண்டில் குக் என்னும் ஆங்கிலேய சாஸ்திரி இதற்கு முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது, அவர் கையிலிருந்த கதிர் திருநெல்வேலிச் சீமையில் விளைந்தது.

செடிகள் தம் பச்சையத்தைக் கொண்டு சூரிய வெளிச்சத்தில் உணவு சமைத்துக்கொள்கின்றன. பூஞ்சணத்துக்குப் பச்சையம் கிடையாது. நாம் உணவை உட்கொண்டு பிறகு ஜீரணிக்கிறோம். பூஞ்சணமோ தன் ஜீரண நீரை வெளியே கக்கி, உணவைக் கரைத்து, அப்புறம் உறிஞ்சிக்கொள்கிறது. அதன் உடல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழைகளாலானது. அவ்விழைகளின் உறையிலுள்ள கைட்டின் என்ற பொருளே வண்டின் ஓட்டிலும் உள்ளது. வம்சாவளியை ஆராய்ந்தால், பூஞ்சணம் செடிகளைக் காட்டிலும் பிராணிகளுக்கே நெருங்கிய உறவு என்று இன்றைய விஞ்ஞானிகள் கூறுகின்றனர். விரலில் ஒட்டிய மஞ்சள் பொடி முழுவதும் அதன் நுண்வித்துக்கள்.

கதிர் தொண்டையில் இருக்கும்போதே இந்தப் பூஞ்சணம் பூவினுள் புகுந்துவிடுகிறது. மஞ்சள் உருண்டை நாளாவட்டத்தில் கரும்பச்சையாகிக் கறுக்கிறது. அதில் விஷச் சத்தும் உண்டு. உருண்டையைக் கண்டபின் மருந்தடிப்பது வெள்ளம் வடிந்தபின் அணை கட்டுவதற்கு ஒப்பாகும். கதிர் வெளிவருமுன் அடித்தால்தான் பலன்.

அப்படியானால் பாட்டி சொன்னது வெறும் மூடநம்பிக்கையா? அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தட்டாத மழையும், ஈரக் காற்றும், செழித்த பயிரும் சேர்ந்த வருஷத்தில் மகசூலும் பெருகும், நெற்பழமும் பெருகும். இரண்டையும் ஒருங்கே கண்ட முன்னோர், ஒன்று மற்றொன்றைக் கொணர்ந்தது என்று எண்ணிவிட்டனர். அவர்கள் கண்டது மெய். காரணம் கற்பித்ததில்தான் பிசகு. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இடும் இக்காலத்தில், மகசூலைப் பெருக்காமல் நெற்பழத்தை மட்டும் பெருக்கிக்கொள்வதும் சாத்தியமே.

இதன் இனத்தில் மகா கொடியதும் உண்டு. 1910-களின் இறுதியில் தஞ்சை டெல்டாவில் பயிரைச் சூறையாடிய குலைநோயும் ஒரு பூஞ்சணத்தின் வேலையே.

ஆயினும் பூஞ்சணக் குலம் முழுவதையும் பகையெனத் தள்ளிவிடலாகாது. அறுவடை முடிந்து நீர் வடிந்த வயலில், தாளையும் சருகையும் அரித்து மண்ணோடு மண்ணாக்குவோரில் முதன்மையானவை பூஞ்சணங்களே. நீர் தேங்கிய சேற்றில் காற்றில்லாமையால் பாக்டீரியாக்கள் அவ்வேலையை ஏற்கின்றன. மரத்தின் கெட்டிச் சத்தைக் கரைப்பதில் பூஞ்சணத்துக்கு நிகரில்லை. அவை இராவிடில் உதிர்ந்த இலையும் விழுந்த மரமும் மலைபோலக் குவிந்துகிடக்கும். அவற்றில் அடங்கிய சத்து அடுத்த பயிருக்கு எளிதில் திரும்பாது. இன்னும் சில பூஞ்சணங்கள் வேர்களோடு கூடி வாழ்ந்து, மண்ணிலுள்ள மணிச்சத்தைச் செடிக்குக் கொடுத்து, மாற்றாகச் சர்க்கரையைப் பெறுகின்றன. நிலத்தில் வளரும் தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய கூட்டாளிகள் உண்டு. ஆகவே வைக்கோலையும் தாளையும் தீக்கிரையாக்குகிறவன், கூலி கேளாத பண்ணையாட்களின் சோற்றைப் பறிக்கிறான் என்றே சொல்லவேண்டும்.

இத்துறையில் நம்மவர் பின்தங்கியிருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. எஸ். சதாசிவன் மண்வாழ் பூஞ்சணங்களை ஆராய்ந்து புகழ் பெற்றார். அவருடைய மாணாக்கர் சி. வி. சுப்பிரமணியன் 1971-இல் வெளியிட்ட 'ஹைபோமைசீட்ஸ்' என்னும் பெருநூலை உலகம் போற்றுகிறது. தஞ்சை ஜில்லாவின் ஆடுதுறையில் 1922-இல் தோன்றிய நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் நாம் அறிவோம்.

மாணாக்கனுக்கு நாம் சொன்ன பதில் இது: "தம்பி, பாட்டி சொன்னபடி மகசூல் நன்றாக இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் விதைநெல்லை நெற்பழம் காணாத வயலிலிருந்து எடுக்கச் சொல். வைக்கோலைக் கொளுத்த வேண்டாம் என்றும் சொல்."

பொங்கல் கழித்து அவன் மறுபடியும் வந்தான். பாட்டி விதையை வேறு வயலிலிருந்தே எடுத்தாளாம். "லக்ஷ்மி மண்ணுக்குள்ளே இருக்கிறாள் என்று உங்கள் வாத்தியார் சொல்கிறார், அதுவும் சரிதான்" என்றாளாம்.