மேட்டு ஸ்டோரில் மணிக்கொரு சாவி

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மதியம் மலை மேலே இருந்து போன் வந்தது. "தாயி, மணிக்கு ஒருக்கா இந்தப் பெட்டிய அமத்தி அமத்திப் போடுறேன். நான் காயப் பாப்பேனா, இதப் பாப்பேனா?" ஏலக்காய் ஸ்டோரின் கணக்குப்பிள்ளை அவர். பெட்டி என்றது ரூட்டரை. காய் என்றது, உள்ளே சூட்டில் உலர்ந்துகொண்டிருந்த பச்சை ஏலக்காயை.

நான் போடிநாயக்கனூரில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். என் அம்மா காய் எடுக்க மலைக்குப் போகிறவர். விடியும் முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, போடிமெட்டுச் சோதனைச் சாவடியைக் கடந்து, கேரளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இறங்குவார். போன் வந்த ஸ்டோர் அம்மாவின் தோட்டத்தைச் சேர்ந்ததில்லை. ஆனால் அம்மாவைப் போன்றவர்கள் எடுத்த காய்தான் அங்கும் உலர்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அந்த ஸ்டோருக்கும் போடியிலுள்ள அலுவலகத்துக்கும் நடுவே ஒரு விபிஎன் இணைப்பு இருக்கிறது. பொது இணையத்தின் வழியாகவே போனாலும், இரு முனையிலும் இருக்கும் ரூட்டர்கள் எல்லாவற்றையும் பூட்டி அனுப்பித் திறந்து எடுத்துக்கொள்ளும். நடுவில் எட்டிப் பார்ப்பவருக்கு அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் தெரியும். அதற்குள் என்ன போகிறது? நான்கு கேமராக்களின் படம். உலர் அறையின் வெப்பம். சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகிறது. சூடு கூடிப்போனால் பச்சை நிறம் போய்விடும், காய் வெடிக்கும், விலை விழும். அதனால் முதலாளி போடியில் உட்கார்ந்தபடியே வெப்பத்தைக் கவனிக்கிறார். அதோடு, அன்றன்று யார் எத்தனை கிலோ எடுத்தார் என்ற எடைக் கணக்கும், கூலி போடுவதற்காக ஒவ்வொரு பெண்ணின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் இதில்தான் போகின்றன.

எங்கள் ஊரில் ஏலம் என்றால் காயும்தான், விலை கேட்பதும்தான். நறுமணப் பொருள் வாரியம் 2007-ல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2021 முதல் போடியில் நடக்கும் ஏலத்தில், கேரளத்தின் புற்றடி ஏல மையத்தில் இருக்கும் வியாபாரியும் அங்கிருந்தபடியே விலை கேட்கலாம். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், பிறகு ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். இப்படி ஆடும் சந்தையில், எந்த ஸ்டோரில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்ற தகவலே பணம்தான்.

இனி அந்தப் பூட்டுக்கு வருகிறேன். இணைப்பு தொடங்கும்போது இரு ரூட்டர்களும் பேசி ஒரு சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. சாவி கம்பியில் போவதே இல்லை. இரண்டும் ஆளுக்கொரு பெரிய எண்ணைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிட்ட வேறொரு எண்ணை மட்டும் எதிர்முனைக்கு அனுப்பும். வந்த எண்ணையும் தன் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரு பக்கமும் ஒரே விடை வரும். நடுவில் ஒட்டுக் கேட்டவரால் அந்த விடையை எட்ட முடியாது. விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மேனும் 1976-ல் வெளியிட்ட வழி இது.

ஆனால் அந்தச் சாவி நாள் முழுக்க இருக்கக் கூடாது. சிறிது நேரம் ஆனதும், இணைப்பை அறுக்காமலே, புதுச் சாவிக்கு மாற வேண்டும். ஸ்டோரில் இரவுக் காவல் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அடுத்த காவலாளி வந்து, முகம் பார்த்து, பேச்சுக் கொடுத்து, பொறுப்பை ஏற்ற பிறகுதான் முதல் காவலாளி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இருவரும் சேர்ந்து நிற்கும் சில நிமிடங்கள் உண்டு. அதேபோல விபிஎன் இணைப்பிலும் புதுச் சாவி வேலைக்கு வந்த பிறகே பழைய சாவி அழிக்கப்படுகிறது. உள்ளே போகும் கேமராப் படத்தில் ஒரு துளி நடுக்கம்கூடத் தெரியக் கூடாது.

ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு முதல் காரணம் எல்லோருக்கும் உடனே விளங்கும். எப்படியோ ஒரு சாவி திருடு போனால், அந்தச் சாவி ஓடிய நேரத்துத் தகவல் மட்டும் போகும். அதற்கு முன்னும் பின்னும் போனவை வேறு சாவிகளில் பூட்டப்பட்டவை.

இரண்டாவது காரணம் கணக்கு சார்ந்தது. இரண்டு ஜீப்புகளில் சேர்த்து 23 பேர் போகிறார்கள் என்றால், அவர்களில் யாரோ இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. நம்ப முடியாமல் இருக்கும், ஆனால் உண்மை. பூட்டுவதிலும் இதே கதைதான். ரூட்டர் தகவலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிப் பூட்டுகிறது. ஒரே சாவியில் பூட்டிய துண்டுகள் பெருகப் பெருக, பூட்டிய பின் அச்சாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு துண்டுகள் தற்செயலாக வந்து விழும். அவற்றை ஒப்பிட்டால் உள்ளே இருப்பது கசியத் தொடங்கும். டிரிபிள் டெஸ் என்ற பழைய முறையில் ஒரு துண்டு 64 பிட்தான். அதில் ஏறக்குறைய 32 ஜிகாபைட்டிலேயே இந்த ஆபத்து எட்டிப் பார்க்கும். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் கார்த்திகேயன் பார்கவனும் கெய்த்தான் லூரோனும் 2016-ல் இதைச் செய்தே காட்டினார்கள். ஒரே சாவியில் போன 785 ஜிகாபைட்டைச் சேகரித்து, இரண்டு நாட்களுக்குள் ஓர் இணையதளத்தின் ரகசிய அடையாளத் துணுக்கை வெளியே எடுத்தார்கள். அந்தத் தாக்குதலுக்கு ஸ்வீட்32 என்று பெயர்.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு மேட்டு ஸ்டோருக்கு வாருங்கள்.

நான் போனபோது கணக்குப்பிள்ளை வாசலிலேயே நின்றார். "ஒரு மணி நேரம் நல்லாத்தான் ஓடுது தாயி. அப்புறம் செத்துருது. அமத்திப் போட்டா திரும்ப ஒரு மணி நேரம்." மழையைச் சொன்னார், மின்சாரத்தைச் சொன்னார், கம்பியைச் சொன்னார். நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். மழை மணி பார்த்துப் பெய்யாது. சரியாக ஒரு மணி நேரத்தில் அறுந்தால் அது சாவி மாறும் நேரம்.

ரூட்டரைத் திறந்து பார்த்து, கணக்குப்பிள்ளையிடமும் விசாரித்தால், எனக்கு முன்னால் வந்தவர் இதற்கு ஒரு வைத்தியம் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். சாவியின் ஆயுளை 24 மணி நேரமாக்கி, நாளைக்கு ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும் என்று விட்டுப் போயிருக்கிறார். பல மாதங்கள் அப்படியே ஓடியிருக்கிறது. பிறகு ரூட்டர் கெட்டுப்போய் வேறு ரூட்டர் மாட்டியபோது ஆயுள் பழையபடி ஒரு மணி நேரமாகிவிட, தொல்லை திரும்பி வந்தது. பூட்டும் முறையோ இரு முனையிலும் அதே பழைய டிரிபிள் டெஸ்.

நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட். சேர்த்தால் நொடிக்கு ஒரு மெகாபைட், நாளொன்றுக்கு 86 ஜிகாபைட். ஆபத்து எட்டிப் பார்க்கும் எல்லை 32 ஜிகாபைட். அத்தனை மாதமும், நாள்தோறும், அந்தப் பெண்களின் கணக்கு எண்கள் எல்லையைத் தாண்டிய ஒரே சாவியில் போய்க்கொண்டிருந்தன. தொல்லை தெரியாமல் இருக்கச் செய்த வைத்தியம், பூட்டையே பலவீனமாக்கிவிட்டது. என் கோபம் அதில்தான்.

உண்மையான கோளாறு சின்னது. சாவி மாறும்போது, ஒவ்வொரு முறையும் டிஃபி–ஹெல்மேன் கணக்கை முதலிலிருந்து புதிதாகப் போட வேண்டும் என்று கேட்க ஓர் அமைப்பு உண்டு. போடி ரூட்டரில் அது போடப்பட்டிருந்தது. மேட்டு ரூட்டரில் இல்லை. அப்படியானால் முதலில் எப்படி இணைந்தது என்று கேட்பீர்கள். ஐக்கெவி2 என்னும் பேச்சுமுறையில், முதல் சாவி இணைப்பைத் தொடங்கும் கணக்கிலிருந்தே வந்துவிடும். இரு பக்க அமைப்பும் பொருந்துகிறதா என்று அப்போது சோதிக்கப்படுவதில்லை. முதல் மாற்றத்தின்போதுதான் ஒன்று "புதுக் கணக்கு போடு" என்கிறது, மற்றது "எனக்கு அப்படிச் சொல்லவில்லையே" என்கிறது. பேச்சு முறிகிறது. பழைய சாவியின் ஆயுளும் முடிகிறது. கேமரா கறுத்துப் போகிறது. இரு பக்கமும் ஒன்றாக அமைத்து, டிரிபிள் டெஸ்ஸை எடுத்துவிட்டு, துண்டு 128 பிட்டாக இருக்கும் ஏஇஎஸ் முறையைப் போட்டேன். ஆயுளை ஒரு மணி நேரமாகவே விட்டேன்.

பிறகு இரண்டரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். இந்த மாதிரிக் கோளாறுக்கு, இணைப்பு வந்ததும் கிளம்பிப் போவது வேலையை முடித்ததாகாது. ஒரு மாற்றமாவது கண்முன் நடக்க வேண்டும். கணக்குப்பிள்ளை கட்டங்காப்பி கொடுத்தார், ஏலக்காய் தட்டிப் போட்டது. ஒரு மணி நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் பதிவில் ஒரு வரி வந்தது: புதுச் சாவி ஏற்கப்பட்டது. சற்றுப் பிறகு இன்னொரு வரி: பழையது நீக்கப்பட்டது. திரையில் உலர் அறைத் தட்டுகள் அசையாமல் தெரிந்தன.

சாவி மாற்றுவதிலேயே உலகம் சறுக்கிய கதையும் உண்டு. இணையதளங்களைப் பூட்டும் டிஎல்எஸ் முறையில், நடுவில் புதிதாகப் பேசிச் சாவி மாற்றும் வசதி இருந்தது. 2009-ல் அதில் ஓட்டை இருப்பதை மார்ஷ் ரே என்பவர் காட்டினார். திருடன் முதலில் சர்வரோடு பேச்சைத் தொடங்கிவிட்டு, சாவி மாற்றும் நேரத்தில் உண்மையான வாடிக்கையாளரை உள்ளே நுழைத்துவிடலாம். முன்பு பேசியவரும் இப்போது பேசுபவரும் ஒருவரே என்று சர்வர் நம்பிவிடும். போகும் காவலாளியை வரும் காவலாளி அடையாளம் பார்க்காத குறை இது. 2010-ல் திருத்தம் வந்தது. 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3 அந்த வசதியையே தூக்கிவிட்டது. பழைய ரகசியத்திலிருந்து அடுத்ததைக் கணக்கிடும் ஒரு சின்னச் செய்தி மட்டும் இப்போது இருக்கிறது. நீளமாக ஓடும் இணைப்புக்கு அது போதாது என்பது என் கருத்து: இன்றைய ரகசியம் கையில் கிடைத்தவருக்கு அதிலிருந்து வரும் நாளைய சாவியும் கிடைத்துவிடும். புதுக் கணக்குதான் அவரை வெளியே தள்ளும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பது இடத்துக்கு இடம் மாறும். சர்வர்களை இயக்கப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் முறையை வகுத்தவர்கள், ஒரு ஜிகாபைட்டோ ஒரு மணி நேரமோ எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொன்னார்கள். ஓபன்விபிஎன் தானாகவே மணிக்கொரு முறை மாற்றுகிறது. வயர்கார்டு இரண்டே நிமிடம். நம் கையிலிருக்கும் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புதுச் சாவி. அனுப்பும் யாருக்கும் அது தெரிவதில்லை.

தோட்டமோ கடையோ பள்ளியோ ஆஸ்பத்திரியோ, இரண்டு இடங்களை இப்படி இணைத்து வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இணைப்பு நேரம் பார்த்து அறுந்தால், ஆயுளை நீட்டிவிடுகிறேன், சாவி மாற்றத்தை நிறுத்திவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரு முனையின் அமைப்பையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதை ரூட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வேலை முடிந்ததும் ஒரு சாவி மாற்றத்தைக் கண்ணால் பார்க்கும்வரை அவரை உட்கார வைத்து, ஒரு கட்டங்காப்பி கொடுங்கள்.