அம்மாவோட எலும்பு மருந்து: போடுற முறையும் விடக்கூடாத தேதியும்

நாகர்கோவில்ல இருக்கிற அம்மாகிட்ட போன்ல பேசுறீங்க. "முதுகு கொஞ்சம் வளைஞ்சிட்டு மக்ளே, வயசாகுதுல்லா"ன்னு சொல்றாங்க. நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ இருந்து, "கால்சியம் மாத்திரை போடும்மா"ன்னு சொல்லிட்டு வெச்சிடுறீங்க. அது போதுமா? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

நம்ம எலும்புல பழசை அரிக்கிற செல்களும் புதுசைக் கட்டுற செல்களும் எப்பவும் வேலை செய்யுது. அரிக்கிற செல்களை அடக்கி வெச்சிருக்கிறது ஈஸ்ட்ரோஜன். இந்தியப் பெண்களுக்குச் சராசரியா 46, 47 வயசுல மாதவிடாய் நிக்கும்போது அது குறையுது. அடுத்த சில வருஷம் எலும்பு வேகமா கரையுது. வலி தெரியாது. பலருக்கு முதல் அறிகுறியே எலும்பு முறிவுதான்.

டெக்ஸா ஸ்கேன்ல டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபோரோசிஸ். கால்சியமும் வைட்டமின் டி-யும் வேணும்தான். ஆனா அது மட்டும் அரிப்பை நிறுத்தாது. அதுக்குத் தனி மருந்து இருக்கு.

பரவலா கொடுக்கிறது அலெண்ட்ரோனேட் 70 மி.கி., வாரம் ஒரு மாத்திரை. காலையில வெறும் வயித்துல, ஒரு டம்ளர் பச்சைத்தண்ணியோட. அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, படுக்கவும் கூடாது. கடுங்காப்பியோட போட்டா மருந்து உடம்புல சேராது. படுத்தா உணவுக்குழாய் புண்ணாகலாம். கால்சியம் மாத்திரையும் அப்போ வேண்டாம்.

மாத்திரை ஒத்துக்காதவங்களுக்கு, வருஷம் ஒரு தடவை நரம்புல ஏத்துற சோலெட்ரோனிக் ஆசிட் உண்டு. முதல்ல கிட்னி டெஸ்ட் பார்ப்பாங்க.

இன்னொண்ணு டெனோசுமாப், 6 மாசத்துக்கு ஒரு ஊசி. இதுலதான் ரொம்ப கவனம் வேணும். "இப்போ நல்லாத்தானே இருக்கு"ன்னு பாதியில விட்டா, அடக்கி வெச்ச அரிப்பு வேகமா திரும்பும். முதுகெலும்பு ஒண்ணுக்கு மேல நொறுங்கலாம். நிறுத்தணும்னா, அடுத்து எந்த மருந்துன்னு டாக்டர் சொன்ன பிறகுதான். ஊசித் தேதி உங்க போன் காலண்டர்லயும் இருக்கட்டும்.

பல் பிடுங்கப் போனா, இந்த மருந்துகளைப் பத்தி பல் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லணும். நம்ம மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் பெய்யும். முற்றத்துல பாசி பிடிச்சிருந்தா தேய்ச்சுவிடச் சொல்லுங்க. வழுக்கி விழாம பார்க்கிறதும் வைத்தியம்தான்.

இன்னைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க: ஸ்கேன் எடுத்தாச்சா? மாத்திரையை எப்படிப் போடுறீங்க? அடுத்த ஊசி என்னைக்கு?