அரிதாரம் பூசிய பெண்கள் – 7: கடைசி வரிசை வரை

காவிரிக்கு இந்தக் கரை நாமக்கல் சீமை, அந்தக் கரை கொடுமுடி. பாலங்கள் வராத காலத்தில் பரிசல் ஏறி இறங்கினால் போதும். மகுடேசுவரரைக் கும்பிடப் போனவர்களும் அப்படித்தான் போனார்கள், நாடகம் பார்க்கப் போனவர்களும் அப்படித்தான். எனவே சேலம், நாமக்கல் சமவெளியின் மேடைக் கதையில் அக்கரையில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளைச் சேர்ப்பதே முறை. நம்மூர் நோம்பிகளில் விடிய விடிய நாடகம் பார்த்த இரண்டு தலைமுறைக்கு அவர் குரல் அந்நியமானதல்ல.

போன வாரம் கும்பகோணம் பாலாமணி அம்மாளைப் பார்த்தோம். பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்திய முதலாளி அவர். சுந்தராம்பாள் தொடங்கிய இடம் வேறு. 1908-இல் பிறந்தவர். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘பி’ அம்மா பாலாம்பாளின் பெயர். தகப்பன் துணையில்லாத வறுமை, தம்பி, தங்கை. ஈரோடு–திருச்சி ரயிலில் பாட்டுப் பாடிக் காசு வாங்கிய சிறுமியை, ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி. நடேச ஐயர் கண்டெடுத்து, வேலு நாயர் கம்பெனியில் சேர்த்துவிட்டதாகச் சொல்வார்கள். ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியில் அழும் பிள்ளையாகத்தான் அவர் மேடையேறினார். பசி என்றால் என்னவென்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த மேடை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவருடைய தொழிலின் கனம் புரியும். மூங்கிலும் கீற்றும் வைத்துக் கட்டிய கொட்டகை. காஸ் விளக்கு. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கோழி கூவும் நேரத்தில்தான் மங்களம். மைக் கிடையாது. முன்னால் தரை டிக்கெட்டுக்காரர்கள், பின்னால் வண்டியை அவிழ்த்துவிட்டு நிற்கும் கூட்டம், அதற்கும் பின்னால் அழும் குழந்தைகளோடு பெண்கள். அத்தனை பேருக்கும் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆர்மோனியம், ஒரே உச்ச சுருதி. நாயகனான ராஜபார்ட் எந்தக் கட்டையில் பாடுகிறாரோ அதே கட்டையில் நாயகியான ஸ்திரீபார்ட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டாதவர்களைக் கூட்டம் மன்னிக்காது.

ஸ்பெஷல் நாடகம் என்று பேர். நடிகர்களை ஊர் ஊராகத் தனித்தனியே பேசி வரவழைப்பார் காண்ட்ராக்டர். மதுரையிலிருந்து ஒருவர், கரூரிலிருந்து ஒருவர், ஆர்மோனியக்காரர் வேறெங்கிருந்தோ. ஒத்திகை இல்லை. எல்லோருக்கும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் மனப்பாடம். அதை வைத்துக்கொண்டு, மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கிப் பேசுவார்கள். ‘வள்ளி திருமணம்’ என்றால் தினைப்புனத்தில் வள்ளிக்கும் வேடனாக வரும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்துக்காகவே ஜனங்கள் காத்திருப்பார்கள். எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாது. பதில் உடனே வர வேண்டும், அதுவும் ராகத்தோடு வர வேண்டும். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஓர் இளம் பெண் இதை இரவுதோறும் செய்தாள் என்றால், அதை நான் கல்வி என்றே சொல்வேன்.

1920-களின் நடுவில் இலங்கையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு அவர் சேர்ந்து நடித்தார். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த கிட்டப்பா அப்போது தமிழ் மேடையின் முதல் குரல். அவருக்கு ஈடுகொடுத்து ஒரு பெண் பாடுவாளா என்று கேட்டவர்களுக்குக் கொழும்பு மேடையில் பதில் கிடைத்தது. 1927-இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். பிறந்த குழந்தை தங்கவில்லை. பிரிவு வந்தது. 1933 டிசம்பர் 2-இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது, சுந்தராம்பாளுக்கு 25. அன்று உடுத்திய வெள்ளைக் கதரை அவர் கடைசிவரை மாற்றவில்லை. எந்த ஆணோடும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி எடுத்துக்கொண்டார்.

இந்தக் கதையை நூறு முறை படித்திருப்பீர்கள். பத்திரிகைகள் ‘அமர காதல்’ என்றே எழுதி எழுதி, அவருடைய மற்ற 47 வருடங்களை அந்த வெள்ளைப் புடவையால் மூடிவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. துக்கம் அவருடையது, அதை மதிக்கிறேன். ஆனால் ஆறேழு வருட உறவைக் கொண்டு அறுபது வருடத் தொழிலை அளப்பது நியாயமில்லை. ஜோடி சேர மாட்டேன் என்று சொன்ன நடிகைக்கு அந்நாளில் மேடையில் என்ன மிஞ்சும்? நாயகி வேடங்கள் அத்தனையும் போயின. அப்படியும் அவர் தொழிலைக் கைவிடவில்லை. கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்துவிட்டு, ஆண் வேடம் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நந்தனாராக!

1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். எந்த நடிகரும் கேட்கத் துணியாத தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலியான நந்தனாராகப் பெண் ஒருத்தி நடித்ததும், ஆண்டையாக மகாராஜபுரம் நடித்ததும் அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். படத்தை எழுத்தாளர் கல்கி கடுமையாக விமர்சித்தார். கடைசி வரிசைக்கு நடித்துப் பழகிய உடம்பு, ஓரடி தூரத்துக் கேமராவுக்கு முன்னால் தடுமாறத்தான் செய்யும். அதே 1935-இல்தான் திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937-இல் ‘சதி அகல்யா’ வந்தது. ஏற்காடு சாலையில் ஸ்டூடியோ எழுந்த பிறகு நம் பக்கத்து நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் படக் கொட்டகைகள் ஆயின.

1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’. இந்த முறை அவர் தடுமாறவில்லை. டூரிங் டாக்கீஸில் அதைப் பார்த்த எங்கள் அப்பாரு படக்கதையைச் சொல்லவே மாட்டார். “அந்தம்மாளுக்கு மைக்கே தேவையில்ல சாமி” என்பார், அவ்வளவுதான். கிழவி வேடத்தில் நிமிர்ந்து நின்று அவர் எடுத்த அந்த முதல் சுரம், கீற்றுக் கொட்டகையில் பழகிய சுரம். ‘பூம்புகார்’ படத்துக் கவுந்தியடிகளிலும், ‘திருவிளையாடல்’ ஔவையிலும் கேட்பது அதுவேதான்.

காங்கிரஸ் மேடைகளில் பாடினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவரைத் தேர்தல் பிரசாரத்துக்கு அழைத்துப் போனார். 1950-களில் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். ‘துணைவன்’ படத்துக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970-இல் பத்மஸ்ரீ. 1980 செப்டம்பரில் காலமானார்.

இந்தத் தொடருக்காக வேறு நாட்டு மேடைகளைப் பற்றியும் படித்துக்கொண்டிருக்கிறேன். நார்வேயில் யொஹன்னே டிப்வாட் என்று ஒரு நடிகை. 1867-இல் பிறந்தவர். நாடக ஆசிரியர் இப்சன் படைத்த நோரா வேடத்தில் புகழ்பெற்றவர். ஓஸ்லோவின் தேசிய நாடக அரங்கம் 1899-இல் திறந்ததிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேயே நடித்தார். இன்று அந்த அரங்கத்தின் பக்கத்துச் சதுக்கத்துக்கு அவர் பெயர், அரங்கத்துக்கு வெளியே அவர் சிலை. எந்த நாளில் எந்த வேடம் என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஆவணம் இருக்கிறது. கல்லில் கட்டிய அரங்கம், அதனால் நின்றது. நம்முடையது கீற்றுக் கொட்டகை. நாடகம் முடிந்ததும் மூங்கிலைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் எந்தெந்த இரவுகளில் எந்தெந்த ஸ்திரீபார்ட்கள் பாடினார்கள் என்பதற்கு மிஞ்சக்கூடிய ஒரே சாட்சி, கலர் காகிதத்தில் அச்சடித்து ஊர் ஊராக விநியோகித்த நாடக நோட்டீஸ்தான். தேதி, இடம், டிக்கெட் விலை, நடிப்பவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். சுந்தராம்பாளைப் போலப் பெயர் வாங்காத எத்தனையோ பெண்களுக்கு அச்சில் பெயர் வந்தது அங்கே மட்டுமே.

அப்பாரு காலத்து டிரங்குப் பெட்டியிலோ, பழைய கணக்கு நோட்டுக்குள் மடித்தோ, புத்தக அட்டைக்குள் ஒட்டியோ அப்படி ஒரு நோட்டீஸ் உங்கள் வீட்டில் இருக்கலாம். தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து இந்த வார இதழின் முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.

(தொடரும்)