இறைவன் பெயரால் பேசுவோர்

வரி விதிக்கும் அதிகாரியிடம் சட்டப் புத்தகத்தைக் காட்டுமாறு நாம் கேட்கலாம். மருத்துவர் ஒரு நோயைச் சொன்னால், வேறொரு மருத்துவரிடம் சென்று உறுதி செய்துகொள்ளலாம். ஆசிரியர் கரும்பலகையில் கணக்கைத் தவறாகப் போட்டால், கடைசிப் பலகையில் இருக்கும் மாணவன்கூட எழுந்து நின்று திருத்தலாம். ஆனால், 'இது இறைவன் திருவுள்ளம். எனக்கு உணர்த்தப்பட்டது' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதை எந்த ஏட்டைப் புரட்டிச் சரிபார்ப்பது? யாரிடம் சென்று முறையிடுவது? கேட்பவர் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். ஆகையினாலேயே, மற்ற எல்லாப் பேச்சையும்விட இப்பேச்சுக்கு மிகுந்த வாய்மையும் மிகுந்த பணிவும் வேண்டப்படுகின்றன.

காசுக்காகக் கடவுளை விற்கும் போலிகளைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அவர்களை உலகம் சிறிது காலத்தில் இனங்கண்டு கொள்கிறது. உண்மையே உயிரெனக் கொண்ட ஒருவர் இறைவன் பெயரால் பேசும்போதும் இடர்ப்பாடு உண்டு. அதுவே நாம் கருதிப் பார்க்கத் தக்கது. காந்தியடிகளின் வாழ்வில் ஓராண்டுக் காலத்துக்குள் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இதனை நன்கு விளக்குகின்றன.

முதல் நிகழ்ச்சி 1933ஆம் ஆண்டில் நடந்தது. அடிகள் அப்போது எரவாடாச் சிறையில் இருந்தார். வயது அறுபத்து மூன்று. ஏப்ரல் மாத இறுதியில் ஓர் இரவு உள்ளிருந்து ஒரு குரல் தம்மைப் பணித்ததாக அவர் உணர்ந்தார். தம்முடைய தூய்மைக்காகவும், தீண்டாமை ஒழிப்பில் ஈடுபட்டிருந்த தம் தோழர்களின் தூய்மைக்காகவும் இருபத்தொரு நாள் உண்ணாநோன்பு இருக்கப்போவதாக அறிவித்தார். அன்பர்கள் பலர் அஞ்சித் தடுத்தனர். அவர் கேட்கவில்லை. மே மாதம் 8ஆம் நாள் நோன்பு தொடங்கிற்று. அன்றே அரசாங்கம் அவரை விடுதலை செய்தது. பூனாவில் ஓர் அன்பர் இல்லத்தில் தங்கி, மே 29ஆம் நாள் நோன்பை நிறைவு செய்தார்.

இறைவன் குரலைக் கேட்டதாகக் கூறினால் ஐயுறுவோர் வினவாமல் இருப்பரோ? வினவினர். அதற்கு அடிகள் அவ்வாண்டு ஜூலை மாதத்து 'ஹரிஜன்' இதழில் விடை எழுதினார். தாம் உருவம் எதையும் காணவில்லை என்றார்; குரல் மட்டும் தமக்கு ஐயமின்றிக் கேட்டது என்றார். ஆயினும் அதை மெய்ப்பிக்கத் தம்மிடம் சான்று ஏதும் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அது வெறும் மன மயக்கம் என்று ஒருவர் கூறினால், அவ்வாறும் இருக்கக்கூடும் என்று இசைந்தார். தமக்கு உறுதி; பிறருக்கோ சான்று இல்லை. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று கலவாமல் அவர் தனித்தனியே சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில், தம் எழுத்துக்களில் முன்னுக்குப் பின் முரண் காண்பவர் பிந்தியதையே கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். தம் சொல் என்றும் திருந்தாதது என்று கருதிய ஒருவர் இப்படி எழுதியிருக்க முடியாது.

இரண்டாவது நிகழ்ச்சி 1934ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு ஜனவரி 15ஆம் நாள் பிற்பகலில் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. முசாபர்பூர், மோங்கீர், தர்பங்கா முதலிய நகரங்களில் வீடுகள் இடிந்து விழுந்தன. வயல்களில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து இமயத்தின் அடியில் புகுவதனால், பாறைகளில் நெடுங்காலம் இறுக்கம் சேர்கிறது. அது திடீரென நெகிழும்போது நிலம் அதிர்கிறது. இன்று பள்ளி மாணவரும் இதனை அறிவர்.

அப்போது தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் சுற்றிவந்த காந்தியடிகள், ஜனவரி 24ஆம் நாள் எங்கள் திருநெல்வேலியில் பேசினார். இந்தப் பூகம்பம் நம் பாவங்களுக்காக இறைவன் அளித்த தண்டனை என்று தாம் நம்புவதாகவும், அதனைத் தீண்டாமையோடு தொடர்புபடுத்தியே காண்பதாகவும் அக்கூட்டத்தில் கூறினார்.

பத்திரிகைகளில் இதைப் படித்த இரவீந்திரநாத தாகூர் துணுக்குற்றார். உடனே அவர் கண்டன அறிக்கை விடவில்லை. அடிகள் இப்படிக் கூறினார் என்பதை நம்புவதே கடினமாக இருக்கிறது என்றும், செய்தி உண்மையானால் தம் மறுப்பையும் வெளியிட வேண்டும் என்றும் அவருக்கே எழுதினார். இயற்கை அழிவுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு என்பது கவிஞரின் மறுப்பு. மேலும், இதே வாதத்தைக் கையிலெடுத்து, அடிகளின் சீர்திருத்தமே இறைவனின் சினத்துக்குக் காரணம் என்று எதிராளிகளும் சொல்லலாமே என்று கேட்டார். நாட்டு மக்களின் அச்சத்தைப் போக்கிய பெரியவர் என்று அடிகளுக்கு நன்றி பாராட்டிக்கொண்டே இதையெல்லாம் எழுதினார்.

காந்தியடிகள் என்ன செய்தார்? பிப்ரவரி 16ஆம் நாள் 'ஹரிஜன்' இதழில் தாகூரின் மறுப்பையும் தம் விடையையும் ஒருங்கே வெளியிட்டார். தம் நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. ஆனால் தீண்டாமைக்கும் பூகம்பத்துக்கும் உள்ள தொடர்பைத் தம்மால் மெய்ப்பிக்க இயலாது என்று அவ்விடையில் ஒளிவு மறைவின்றி எழுதினார். மார்ச் மாதத்தில் பீகாருக்கே சென்று, துயருற்ற மக்களிடையே நிவாரணப் பணியில் ஈடுபட்டார்.

தம்மை மறுப்பவரின் குரலைத் தம் பத்திரிகையிலேயே ஒலிக்கச் செய்தவரைப் பணிவற்றவர் என்று எவரால் சொல்ல முடியும்? எனினும் நேயர்களே, இவ்வழக்கில் என் மனம் தாகூரின் பக்கமே நிற்கிறது. காரணத்தைச் சொல்கிறேன். 1933ஆம் ஆண்டில் இறைவன் குரல் என்று அடிகள் கொண்டது அவருடைய வயிற்றையே வருத்திற்று. அது மயக்கமாகவே இருந்திருந்தாலும், அதன் சுமையைத் தாங்கியவர் முதலில் அவரே. 1934ஆம் ஆண்டில் அவர் சொன்ன சொல்லோ, முசாபர்பூரில் இடிபாடுகளுக்கிடையே பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தாயின்மேல் விழுந்தது. இடிந்த சுவர் சாதி கேட்டு விழவில்லை. தீண்டாமை செய்தவரையும் அதனால் வருந்தியவரையும் ஒருங்கே அமிழ்த்திற்று. 'நம் பாவம்' என்று சொல்லித் தம்மையும் அவர் உடன் சேர்த்துக்கொண்டது உண்மைதான். ஆனால் வீடிழந்தவர் அவரல்லர். பணிவு என்பது குரலின் மென்மை மட்டுமன்று. நாம் கூறும் இறைவாக்கின் சுமை யார் தோளில் ஏறுகிறது என்று பார்த்துப் பேசுவதும் பணிவேயாகும்.

பெரியோரைக் குறைகூறும் துணிவு எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். என் பிழையிலிருந்து வந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாணவன் ஒருவன் பொய்க் காரணம் எழுதி விடுப்புக் கடிதம் கொண்டுவந்தான். அவனை வகுப்பின் நடுவே நிறுத்தி, 'பொய் சொல்பவனைக் கடவுள் சும்மா விடமாட்டார். தண்டனை வீடு தேடி வரும்' என்று முழங்கினேன். ஒரு மாதம் கழியவில்லை. பனையேறியாகிய அவன் தந்தை மரத்திலிருந்து விழுந்து இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த அச்சிறுவன், எல்லாரும் போன பின் என் மேசையருகே வந்து நின்றான். 'சார், நான் பொய் சொன்னதாலயா சார்?' என்று கேட்டான்.

பயிற்சிப் பள்ளியில் கற்ற எந்த முறையும் அப்போது எனக்குக் கைகொடுக்கவில்லை. 'இல்லையப்பா. கடவுள் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தவன்போல் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது' என்றேன். மறுநாள், முன்பு முழங்கிய அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன் இதனையே திரும்பவும் சொன்னேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் முதலில் சொன்னதை நம்பிய அளவுக்குப் பின்னர் சொன்னதை அவன் நம்பினானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அச்சுறுத்திய சொல் எளிதில் பதிகிறது. திருத்திய சொல் அவ்வாறு பதிவதில்லை.

இறைவன் பெயரை நாவில் எடுப்போர் துறவியரும் சமயத் தலைவரும் மட்டுமல்லர். பிள்ளையை அதட்டும் பெற்றோர், இழவு வீட்டில் ஆறுதல் கூறும் உறவினர், பள்ளி ஆசிரியர் ஆகிய நாம் அனைவரும் ஏதோ ஒரு வேளையில் அவ்வாறு பேசுகிறோம். பேசுமுன் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று. நான் சொல்வது அறிந்ததா, நம்புவதா? மறுப்பவருக்கு என்னருகே இடம் உண்டா? நான் சொன்னது பிழையானால் வருந்தப்போகிறவர் யார்? முதல் இரண்டுக்கும் காந்தியடிகளின் வாழ்வு நல்ல விடை தருகிறது. மூன்றாவதை எனக்குக் கற்பித்தவன் அந்தச் சிறுவன்.