தீப்பெட்டிப் படமும் ஒரு செல்வம்தான்!

வீட்டில் தீப்பெட்டி காலியானால் என்ன செய்கிறீர்கள்? "இது என்ன கேள்வி? தூக்கி எறிகிறோம்" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். அதன் மேலுள்ள படத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

முதலில் தீப்பெட்டி நமக்குச் சீமையிலிருந்து வந்தது. ஸ்வீடன்காரரும் ஆஸ்திரியாக்காரரும் நம் மனம் அறிந்து, ரவிவர்மா பாணியில் லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் அச்சிட்டு அனுப்பினார்கள். சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய பிறகு, 1923-லிருந்து சிவகாசியிலேயே தீப்பெட்டி பிறந்தது. அதற்கு லேபிள் வேண்டுமே! அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது.

சென்னையும் சளைத்ததில்லை. கோவில்பதாகைவாசியாக இருந்தால் ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோவுக்கு மாறுங்கள். திருவொற்றியூரைத் தாண்டினால் 'விம்கோ நகர்' வரும். அது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்தான்!

பிள்ளைகளுக்கோ இந்தப் படங்கள் நாணயம் மாதிரி. வட்டம் போட்டு, நடுவே படங்களை அடுக்கி, சில்லால் அடிப்பார்கள். வெளியே தள்ளியது தள்ளியவனுக்கு. சுலபமாகக் கிடைக்கும் படத்துக்கு மதிப்புக் குறைவு; கிடைக்காததற்கு ஏக கிராக்கி!

உலகம் பூராவும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட் நசுங்காதிருக்க உள்ளே வைத்த அட்டையில் படம் அச்சிட்டார்கள். 1909-ல் வெளிவரத் தொடங்கிய வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை மிகச் சொற்பம். அதில் ஒன்று 2022-ல் 72½ லட்சம் டாலருக்கு விலைபோயிற்று!

நம் தீப்பெட்டிப் படத்துக்கு அந்த விலையை எதிர்பார்க்க வேண்டாம். 2021 டிசம்பரில்தான் பெட்டியே 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயாயிற்று. ஆனால் வேடிக்கைக்குக் குறைவில்லை. ஒரு மார்க் நன்றாக விற்றால், ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலி வந்துவிடும். அசலையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

சேர்க்க ஆசையா? பழைய மரப்பெட்டியானால் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊற வையுங்கள்; லேபிள் தானாகக் கழன்று வரும். மை ஒற்றும் தாள்களுக்கிடையே உலர்த்துங்கள். அட்டைப் பெட்டியைத் தண்ணீரில் போடாதீர்கள். படம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும், கத்தரித்து எடுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். வெயில் படக் கூடாது. ஊர், தேதி, கிடைத்த விதம் எல்லாவற்றையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஓர் ஊரில் பிள்ளைகள் ஆசையாக உரித்தெடுத்த லேபிளை, இன்னோர் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் ஒட்டிய காலம் உண்டு. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த சிறார்களைப் பற்றிய வழக்கில், 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் குழந்தைக்கு ஆல்பம் வாங்கிக் கொடுக்கும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். படத்தின் அழகோடு, அதை ஒட்டிய சின்னஞ்சிறு விரல்களையும் அது தெரிந்துகொள்ளட்டும்.