கழுத்தில் நீர்க்கட்டி: அஞ்ச வேண்டுமா?

கோவளம், மாமல்லபுரம் பகுதிகளிலிருந்து கழுத்துக் கட்டியுடன் வருவோர் பலர், “கடல் மீன் உண்ணும் எங்களுக்குமா?” என்று வியக்கின்றனர். அயோடின் போதிய அளவு கிடைத்தாலும் தைராய்டு நீர்க்கட்டி தோன்றலாம். பெரும்பாலும், முன்பே இருந்த சிறு கட்டியொன்று உள்ளே சிதைந்தோ குருதி கசிந்தோ நீர்க்கட்டியாகிறது. (கடலுப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சொற்பம், உப்பளத்துக் கல்லுப்பை நம்பாமல், அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள்.)

டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை சுரப்பியின் இயக்கத்தைக் கூறும். கட்டியின் தன்மையைக் கூறாது. அதனை ஸ்கேனே காட்டும். நீர் மட்டுமே நிறைந்த கட்டியில் புற்றுநோய் மிக அரிது. சுவரில் திசுப்பகுதி இருந்தால், அதன் அளவையும் தோற்றத்தையும் பொறுத்து, மெல்லிய ஊசியால் அவ்விடத்துச் செல்களை எடுத்துச் சோதிப்போம். நீரை மட்டும் சோதித்தால் பல வேளைகளில் தெளிவான விடை கிடைப்பதில்லை.

தைராக்சின் மாத்திரை நீர்க்கட்டியைக் கரைக்காது. சுரப்பு குறைந்தவர்களுக்கே அது தேவை. தொல்லை தராத சிறு கட்டிக்குக் கண்காணிப்பு போதும். பெரிய கட்டியின் நீரை ஊசியால் உறிஞ்சலாம். ஆயினும் பாதிப்பேருக்கு மேல் மீண்டும் சேரும். அப்போது, புற்றுநோய் இல்லையென உறுதிசெய்தபின் எத்தனால் செலுத்துவதால் பலர் அறுவைச் சிகிச்சையைத் தவிர்க்க முடிகிறது.

கட்டி திடீரென வலியுடன் பெருத்தால் உள்ளே குருதி கசிந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் அவசரப் பிரிவுக்கு உடனே வாருங்கள்.