கடைத்தெருவும் ஆலோசகரும்



அம்பத்தூர் ஓ.டி. ஆனாலும், ஆவடிச் சந்தைப் பகுதியானாலும், பூந்தமல்லி டிரங்க் ரோடானாலும், மாலை வேளையில் கடைத்தெருவில் சற்று நின்று பாருங்கள். ஒவ்வொரு கடையின் உட்புறமும் துப்புரவாக இருக்கும், விளக்குகள் ஒளிரும், பொருள்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். வாசற்படியைத் தாண்டினால் நிலைமை வேறு. உடைந்த நடைபாதை, மூடியில்லாச் சாக்கடை, தாறுமாறாக நிறுத்திய வண்டிகள். கடைக்குள் இருக்கும் பத்தடி இடத்துக்கு ஒரு முதலாளி உண்டு. வெளியே இருக்கும் பத்தடி இடத்துக்கு அப்படி ஒருவர் இல்லை. நகராட்சியும் மாநகராட்சியும் தம் கடமையைச் செய்யவேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அக்கடமைக்கு மேற்பட்டு ஒரு தெரு செழிக்க வேண்டுமானால், அத்தெருவில் பிழைப்பவர்கள் ஒன்றுகூடித் தாமே ஏதேனும் செய்தல் வேண்டும்.

அவ்வாறு ஒன்றுகூடுவதற்கு உலகில் ஓர் அமைப்பு வளர்ந்திருக்கிறது. அதை ‘வணிக மேம்பாட்டு வட்டாரம்’ எனலாம். ஓர் எல்லைக்குள் இருக்கும் வணிகர்கள் தமக்குள் வாக்கெடுத்து, தம்மீது தாமே ஒரு சிறு தீர்வையை விதித்துக்கொள்கின்றனர். அப்பணத்தைத் தம் தெருவின் துப்புரவுக்கும் விளக்குக்கும் காவலுக்கும் விளம்பரத்துக்கும் செலவிடுகின்றனர். இதை அமைப்பதற்கு வழி தெரிந்த ஓர் ஆலோசகரை அமர்த்திக்கொள்வது வழக்கம். அந்த ஆலோசகரால் ஆவது யாது, ஆகாதது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனைப் புதுமை என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. தென் தமிழ்நாட்டில் சிவகாசி, விருதுநகர் முதலிய ஊர்களின் நாடார் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ‘மகமை’ என்னும் ஏற்பாட்டைக் கையாண்டனர். தம் பேட்டையில் வாங்கி விற்கும் சரக்கின்மீது ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கு ஒதுக்கினர். அந்த நிதி கோயிலுக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கும் பயன்பட்டது. பெருந்தலைவர் காமராசர் பயின்ற விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை இத்தகைய பொதுக் கொடையால் வளர்ந்ததே. வீடுதோறும் பிடியரிசி எடுத்துவைத்துப் பள்ளிக்கு உதவிய வரலாற்றை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அன்று வணிகர் தங்கிச் சரக்கு வைத்த இடத்துக்குப் ‘பேட்டை’ என்று பெயர். இன்று அம்பத்தூர்த் ‘தொழிற்பேட்டை’ என்று நாம் வழங்கும் சொல்லிலும் அதுவே வாழ்கிறது.

மகமைக்கு ஆலோசகர் தேவைப்படவில்லை. ஏன்? அங்குப் பணம் கொடுத்தவர்கள் ஒரே உறவின்முறையைச் சேர்ந்தவர்கள். கொடாதவனுக்கு ஊரில் மதிப்பில்லை. கணக்கு எழுதியவரை எல்லோரும் அறிவர். இன்றைய கடைத்தெரு அத்தகையதன்று. ஒரு பக்கம் மருந்துக் கடை, மறு பக்கம் வங்கி; பல மாநிலங்களில் கிளை பரப்பிய பெரிய துணிக்கடை, அதன் அருகில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு கடை. ஒருவர் கட்டடத்தின் உரிமையாளர். பத்துப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். பல ஊரார், பல மொழியார், ஒருவரை ஒருவர் பெயரளவிலும் அறியாதார். உறவு கட்டிய இடத்தில் இன்று விதிதான் கட்டவேண்டியிருக்கிறது. அவ்விதியை ஒரு கட்சியும் சாராமல் வகுத்துத் தரவே வெளியாள் ஒருவர் வேண்டப்படுகிறார்.

இனி, விதி ஏன் வேண்டும், விருப்பக் கொடை போதாதா என்று கேட்பீர்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தெருவில் 200 கடைகள் இருப்பதாகக் கொள்வோம். மாதம் 300 ரூபாய் வீதம் எல்லோரும் கொடுத்தால் 60,000 ரூபாய் சேரும். காவலாளரையும் துப்புரவாளரையும் அமர்த்தலாம். முதல் மாதம் 200 பேர் கொடுப்பர். இரண்டாம் மாதம், கொடாத கடைக்கு முன்னும் தெரு துப்புரவாகவே இருப்பதை ஒருவர் காண்பார். ‘நாமும் ஏன் கொடுக்கவேண்டும்?’ என்று நிறுத்துவார். அவரைக் கண்டு பத்துப் பேர் நிறுத்துவர். ஆண்டு முடிவில் நல்லெண்ணம் உள்ள சிலரே சுமையைச் சுமப்பர்; பின் அவர்களும் சோர்வர். நம் ஊர்களில் எத்தனையோ சங்கங்கள் இவ்வாறு தேய்ந்துபோயின.

கனடா நாட்டின் டொராண்டோ நகரிலும் இதே இடர்ப்பாடு எழுந்தது. அங்கே புளூர் தெருவின் மேற்குப் பகுதி பழைய கடைவீதி. 1960-களில் புதிய பேரங்காடிகள் தோன்றின. சுரங்க இரயில் பாதையும் அத்தெருவுக்கு வந்தது. தெருவின்மேல் டிராம் வண்டியில் வந்து இறங்கிய மக்கள் நிலத்தின் அடியில் கடைகளைப் பாராமலே கடந்து சென்றனர். வணிகர் சங்கம் விருப்பக் கொடையால் தெருவைச் சீர்படுத்த முயன்று, அது போதாமை கண்டு, எல்லோரும் பங்கு செலுத்தும்படிச் சட்டம் வேண்டும் எனக் கோரிற்று. சட்டம் பிறந்தது, 1970-ஆம் ஆண்டில் ‘புளூர் வெஸ்ட் வில்லேஜ்’ உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரமாயிற்று. இன்று அந்நகரில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட வட்டாரங்கள் உள்ளன. நம் பூந்தமல்லியிலும் கரையான்சாவடி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம் வழியே மெட்ரோ இரயிலின் உயர்பாதை எழுந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே மக்கள் கடைகளுக்குக் கீழே சென்றனர். இங்கே மேலே செல்வர். சிக்கல் ஒன்றே.

இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. அச்சட்டத்தின் மூன்று கூறுகள் மாணவர் அறியத்தக்கவை. முதலாவது, வாக்கெடுப்பில் இரு சோதனைகள் உண்டு: வாக்களித்தோரின் தலை எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், அவர்களுடைய இடங்களின் வரி மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். தலை எண்ணிக்கை மட்டும் போதுமெனில் சிறு கடைகள் கூடிப் பெருங்கடையின்மீது சுமை ஏற்றலாம். மதிப்பு மட்டும் போதுமெனில் நான்கு பெருங்கடைகள் கூடி நூறு சிறு கடைகளை ஆளலாம். இரண்டும் வேண்டும் என்றதால் இருவரும் காக்கப்பட்டனர். இரண்டாவது, வட்டாரத்தின் ஆயுள் ஐந்தாண்டுக்கு மேற்படலாகாது. நீடிக்க வேண்டின் மறுபடியும் வாக்குக் கேட்கவேண்டும். மூன்றாவது, தீர்வைப் பணம் நகரசபை செய்யும் வேலைக்கு மேற்பட்ட பணிகளுக்கே உரியது. ஆதலின் நகரசபை இப்பொழுது செய்துவரும் பணி எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குகின்றனர். இல்லாவிடில், வணிகர் குப்பை அள்ளத் தொடங்கிய மறுநாளே நகரசபை குப்பை வண்டியை நிறுத்திவிடக்கூடும்!

நம் நாட்டில் நிலைமை யாது? கடைத்தெருக்களுக்கென இத்தகைய தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. ஆயினும் இதை ஒத்த முயற்சிகள் நம் அருகிலேயே உள்ளன. 1958-இல் கிண்டியிலும் 1964-இல் அம்பத்தூரிலும் அரசு தொழிற்பேட்டைகளை அமைத்தது. அம்பத்தூரில் சிறு தொழிற்கூடங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. அவற்றின் உரிமையாளர்கள் தமக்கெனச் சங்கம் கண்டனர். 2003-இல் மத்திய அரசு தொழிற்பகுதிகளின் உள்கட்டமைப்பை மேம்படுத்த ஒரு திட்டம் வகுத்தது. தொழில் நடத்துவோர் தாமே ஒரு கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டு, விரிவான திட்ட அறிக்கை தந்து, தம் பங்கையும் போட்டால், செலவில் 75 விழுக்காடு வரை, 50 கோடி ரூபாய்க்கு மிகாமல், அரசு மானியம் தரும் என்பது அதன் சாரம். சென்னையின் மோட்டார் உதிரிபாகத் தொழில்களும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. 1996-இல் திறக்கப்பட்ட கோயம்பேடு அங்காடியோ மற்றொரு வகை. அங்கே கடைக்காரர்களிடம் பராமரிப்புக் கட்டணம் வாங்குவதற்கு ஓர் அங்காடி நிருவாகக் குழு உண்டு. ஆனால் அது அரசின் பொறுப்பில் இயங்குவது. பணம் வணிகருடையது, ஆட்சி வணிகருடையதன்று. ஆதலின் இன்று ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு கடைத்தெரு இம்முயற்சியில் இறங்கினால், சங்கமாகவோ ஆதாயம் கருதாக் கம்பெனியாகவோ பதிவு செய்துகொண்டு, உறுப்பினரிடம் எழுத்தில் உடன்படிக்கை பெற்று, நகராட்சியுடனோ மாநகராட்சியுடனோ ஒப்பந்தம் செய்துகொள்வதே நேரிய வழி.

இதற்குத்தான் ஆலோசகர் வேண்டும். அவர் செய்யவேண்டிய வேலைகள் நான்கு.

முதல் வேலை எண்ணுதல். வட்டாரத்தின் எல்லை எது, எத்தனை கடைகள், யார் உரிமையாளர், யார் வாடகைதாரர் என்று பட்டியல் எடுத்தல். தீர்வையை யார் செலுத்துவது என்னும் வினா இங்கேயே எழும். அமெரிக்காவில் பெரும்பாலும் இடத்தின் உரிமையாளர் செலுத்துகிறார். இங்கிலாந்தில் பெரும்பாலும் கடை நடத்துபவர் செலுத்துகிறார். தெரு அழகுபட்டால் வாடகை உயரும். அப்பொழுது தீர்வையும் கொடுத்து, உயர்ந்த வாடகையும் கொடுக்கும் சிறு கடைக்காரரின் கதி என்ன என்பதை ஆலோசகர் ஆராய்தல் வேண்டும்.

இரண்டாம் வேலை கேட்டல். ஒவ்வொரு கடைக்கும் சென்று, உமக்கு முதற்குறை எது என்று கேட்டல். மூன்றாம் வேலை கணக்கிடுதல். எந்தப் பணிக்கு எவ்வளவு, அதில் ஒரு சிறு கடையின் பங்கு எவ்வளவு என்று ரூபாயில் காட்டுதல். நான்காம் வேலை விதி வகுத்தல். நிருவாகக் குழுவில் யார் யார், தணிக்கை எவ்வாறு, விலக விரும்பினால் வழி என்ன என்பவற்றை எழுதுதல்.

நான் ஓய்வு பெற்றபின், எங்கள் பகுதி வணிகர் சிலர் நடவடிக்கைக் குறிப்பு எழுத என்னை அழைத்தமையால், இத்தகைய முயற்சி ஒன்றை அருகிருந்து கண்டேன். அவர்கள் அமர்த்திய ஆலோசகர் படித்தவர், திறமையாளர். மூன்று மாதத்தில் தடித்த அறிக்கை ஒன்று வந்தது. முழுவதும் ஆங்கிலம், வண்ணப் படங்கள் ஏராளம். கூட்டத்தில் ஒரு காய்கறிக் கடைக்காரர் எழுந்து, “ஐயா, இதில் என் கடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டார். வரைபடத்தில் அந்தச் சந்து இல்லை. எங்கள் தெருவில் இல்லாத ஒரு பூங்கா மட்டும் இருந்தது. வேறோர் ஊருக்கு எழுதிய அறிக்கையின் பகுதி அது. அன்று கலைந்த கூட்டம் பின்னர் கூடவேயில்லை. பணம் போனது சிறு நட்டம். ஒருவரையொருவர் நம்பத் தொடங்கியிருந்த மனங்கள் பிரிந்ததே பெருநட்டம்.

ஆதலின் ஆலோசகரை அமர்த்துமுன் சங்கம் செய்யவேண்டியவை சில உண்டு. என்ன வேலை, எத்தனை நாளில், எந்த வடிவில் வேண்டும் என்பதை முதலில் தானே எழுதிக்கொள்ளவேண்டும். நோயை நோயாளி சொன்னபின்னரே மருத்துவர் மருந்தெழுதுவார். ஆலோசகர் முன்பு பணிசெய்த ஊரின் அதிகாரிகளை மட்டுமன்றி, அங்குள்ள கடைக்காரர்களையும் நேரில் கேட்டறிய வேண்டும். கூலியை வேலையின் படிகளுக்கேற்பப் பிரித்துத் தரவேண்டும். அறிக்கை தமிழில் இருக்கவேண்டும். பின்னர் நடைபெறும் கட்டட வேலையிலோ விளக்குக் கொள்முதலிலோ அவருக்குப் பங்கு இருத்தல் கூடாது. இருப்பின் அவர் நமக்குத் தேவையானதைச் சொல்லாமல், தமக்கு ஆதாயமானதைச் சொல்ல நேரும். திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று தனி அதிகாரமே வகுத்துள்ளார். ஆராய்ந்தபின் நம்புதல் அரசர்க்கு மட்டுமா, கடைத்தெருவுக்கும் உரிய பாடம்தான்.

இன்னொரு சாராரை நாம் மறத்தலாகாது. கடைக்கு முன் கூடை வைத்துப் பூ விற்கும் பெண்ணும், தள்ளுவண்டியில் பழம் விற்பவரும் தீர்வைப் பட்டியலில் இடம்பெறார், வாக்கும் பெறார். ‘தெருவை ஒழுங்குபடுத்துதல்’ என்றவுடன் முதலில் அப்புறப்படுத்தப்படுவோர் அவர்களே. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுடைய பிழைப்பைக் காக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் விற்பனைக் குழு அமைத்து, அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்கவேண்டும் என்கிறது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. இவர்களைக் கேளாமல் வரைந்த திட்டம் எத்துணை அழகாயினும் நீதியுடையதன்று. தெருவுக்கு மக்களை வரவழைப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டன்றோ?

சுருங்கக் கூறின், அறிவைக் கூலிக்கு அமர்த்தலாம். உடன்பாட்டைக் கூலிக்கு அமர்த்த இயலாது. ஆலோசகர் கணக்குத் தருவார், சட்டம் சொல்வார், பிற ஊர்களின் பட்டறிவைக் கொணர்வார். ‘ஆம்’ என்னும் ஒரு சொல்லைக் கடைக்காரரே சொல்லவேண்டும். மகமை கொடுத்த அந்நாளைய வணிகர்க்குப் புள்ளிவிவரம் இல்லை. அந்தச் சொல் இருந்தது. இன்று நமக்குப் புள்ளிவிவரம் உண்டு. அந்தச் சொல்லைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மாணவர்களே, விடுமுறை நாளில் உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு நான்கு பேர் சேர்ந்து செல்லுங்கள். ஒரு குறிப்பேட்டில் கடைகளை எண்ணி எழுதுங்கள்; மிகப் பெரிய கடைக்காரரிடமும் மிகச் சிறிய கடைக்காரரிடமும், நடைபாதையில் இருக்கும் மூதாட்டியிடமும், ‘இத்தெருவுக்கு முதலில் என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். மூன்று விடைகளும் ஒன்றாயிருந்தால் பணியைத் தொடங்கலாம். வெவ்வேறாயிருந்தால், அவற்றை ஒன்றாக்கும் பணியே முதற்பணி. அதற்கு வேண்டுவன பொறுமையும் நடுவுநிலைமையும். அவ்விரண்டையும் பள்ளிப் பருவத்திலேயே பழகிக்கொண்டால், நாளை உங்கள் தெருவுக்கு நீங்களே நல்ல ஆலோசகராவீர்கள்.